பிரைமரியில் சொன்னது, நவம்பரில் விடிந்தது: மெக்கெய்ன், ராம்னி, ஜனநாயகக் கட்சியினர்

அமெரிக்க அதிபர் வேட்பாளர்கள் பிரைமரியில், அதாவது கட்சியின் உள்தேர்தலில், குடியேற்றம் பற்றிச் சொன்னது, நவம்பர் பொதுத்தேர்தலில் ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க, ஸ்பானிய வழி) வாக்காளர்களிடம் எப்படி விடிந்தது என்பதற்கு மூன்று உதாரணங்கள். 2008 ஜனவரி 30, கலிபோர்னியாவில் ரீகன் நூலகத்தில் குடியரசுக் கட்சி வேட்பாளர்களின் விவாதம். நீங்கள் முன்வைத்த குடியேற்ற மசோதாவே இன்று வாக்கெடுப்புக்கு வந்தால் ஆதரிப்பீர்களா என்று ஜான் மெக்கெய்னைக் கேட்டார்கள். மாட்டேன் என்றார், மக்கள் முதலில் எல்லையைப் பாதுகாக்கச் சொல்கிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். 2005-இல் ஜனநாயகக் கட்சி செனட்டர் டெட் கென்னடியோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த திட்டம், குடியேற்ற ஆவணமில்லாதவர்கள் அபராதம் கட்டிக் காத்திருந்து சட்டபூர்வமாக வழி வைத்தது. 2004-இல் புஷ்ஷுக்கு ஏறத்தாழ 40% ஹிஸ்பானிக் வாக்கு, 2008-இல் மெக்கெய்னுக்கு 31%. பொருளாதாரச் சரிவும் சேர்ந்து அடித்த ஆண்டு அது, எனவே பழி முழுவதும் அந்தப் பதிலுக்குச் சேராது.

2012-இல் குடியரசுக் கட்சி வேட்பாளரான மிட் ராம்னியின் கணக்கு வேறு. 2011 செப்டம்பரில் ஆர்லாண்டோ விவாதத்தில் டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெரி, ஆவணமில்லாத மாணவர்களிடமும் உள்ளூர்க்காரருக்கான குறைந்த கல்லூரிக் கட்டணமே வாங்கும் தமது மாநிலச் சட்டத்தை ஆதரித்து, எதிர்ப்பவர்களுக்கு இதயமில்லை என்று சொல்லிச் சரிந்தார். இன்னொரு போட்டியாளர் நியூட் கிங்ரிச், 25 ஆண்டுகளாக இங்கேயே வாழும் குடும்பங்களைப் பிரிக்க வேண்டாம் என்றார். இருவரையும் வலப்பக்கமிருந்தே ராம்னி தாக்கினார். சிறுவயதில் ஆவணமின்றி வந்தவர்களுக்குச் சட்டபூர்வ நிலை தர முன்மொழியப்பட்ட ட்ரீம் சட்டத்தை வீட்டோ செய்வேன் என்றார். 2012 ஜனவரியில் தம்பா விவாதத்தில் 'தானாக வெளியேறுதல்' என்ற சொல்லையும் உதிர்த்தார். வேலை தருபவர்கள் ஆவணம் பார்த்தே ஆளெடுத்தால், வேலை கிடைக்காதவர்கள் தாமே ஊர் திரும்புவார்கள் என்பதுதான் அதன் பொருள்.

கோளாறு இங்கேதான். எல்லையில் வருகிறவரைப் பற்றிய பேச்சல்ல இது, ஏற்கெனவே குடியிருப்பவரின் அடுப்பை அணைப்பதைப் பற்றிய பேச்சு. ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஆவணம் இருக்காது, அமெரிக்காவில் பிறந்த 18 வயது மகளுக்கு வாக்குரிமை இருக்கும். அப்பாவின் சம்பளத்தைக் குறிவைக்கும் திட்டத்தை அந்த மகள் எப்படி மறப்பாள்?

ஜனவரி 31-இல் புளோரிடா பிரைமரியில் ராம்னி வென்றார். அதைப் பார்த்து ஹிஸ்பானிக் வாக்கு கெடவில்லை என்று கணக்குப் போட்டவர்கள் ஏமாந்தார்கள். அங்கே குடியரசுக் கட்சியின் ஹிஸ்பானிக் வாக்காளர்களில் கியூபர்கள் மிகுதி. 1966-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு நிரந்தரமாகக் குடியேறத் தனிவழி தந்திருந்தது. போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். நாடுகடத்தும் பயம் மெக்சிகோ வழிக் குடும்பங்களில்தான் அதிகம். நெவாடா, கொலராடோ மாநிலங்களின் ஹிஸ்பானிக் வாக்கு பெரிதும் அக்குடும்பங்களிலிருந்து வருவது. ஜூன் 15-இல் ஒபாமா, சிறுவயதில் வந்த இளைஞர்களுக்கு ஈராண்டு நாடுகடத்தல் விலக்கு அறிவித்தபோது ராம்னிக்குப் பின்வாங்க இடமில்லை. நவம்பரில் அவருக்குக் கிடைத்த ஹிஸ்பானிக் வாக்கு 27%.

ஜனநாயகக் கட்சி 2019-இல் எதிர்த்திசையில் நகர்ந்தது. அக்கட்சி வேட்பாளர்களின் மயாமி விவாதத்தின் முதல் இரவில் அவர்களில் ஒருவரான ஜூலியன் காஸ்ட்ரோ, அனுமதியின்றி எல்லை தாண்டுவதைக் குற்றமாக்கும் பிரிவை நீக்கச் சொன்னார். மறுநாள் இரவு அதற்குப் பலர் கை உயர்த்தினர். ஆவணமில்லாதவர்களுக்கும் மருத்துவக் காப்பீடு என்றபோது மேடையில் இருந்த பத்துப் பேரும் உயர்த்தினர். குடியேறிகளுக்குச் சாதகமான நிலைப்பாடு ஹிஸ்பானிக் வாக்கை இழுக்கும் என்ற கணிப்பு, எல்லையோரத்திலேயே பொய்த்தது. டெக்சாஸின் ஸ்டார் கவுண்டியில் ஏறத்தாழ எல்லோரும் ஹிஸ்பானிக். எல்லைக் காவலில் வேலை பார்ப்பவர்களும் அப்பகுதியில் உண்டு. 2016-இல் ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளின்டன் அங்கே 60 சதவீதப் புள்ளி முன்னிலை பெற்றார். 2020-இல் பைடனுக்கு 5 புள்ளிதான். 2024-இல் டிரம்ப் வென்றார். விலைவாசிக்கும் இதில் பெரிய பங்குண்டு.

மூன்றில் ராம்னியின் நகர்வே மோசமானது என்பேன். மெக்கெய்ன் வரிசையைத்தான் மாற்றினார்: முதலில் எல்லை, மற்றவை பிறகு. காஸ்ட்ரோவின் யோசனை இனி வருபவர்களைப் பற்றியது. வாக்காளரின் வீட்டுக்குள்ளேயே கைவைத்தவர் ராம்னி ஒருவர்தான்.