ப்ளூபெரியா, ஸ்ட்ராபெரியா: வீட்டுத் தோட்டத்துக்கு எது?

இரண்டுமே பெரி வகைப் பழம்தானே, ஒரே மண் கலவை போதும் என்று நினைத்து அடுத்தடுத்து நட்டேன். ஸ்ட்ராபெரி ஒன்றும் சொல்லவில்லை. ப்ளூபெரி இரண்டே மாதத்தில் வேலையைக் காட்டிவிட்டது. புதுத் துளிரெல்லாம் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தது. சத்துப் போதவில்லை என்று இன்னும் உரம் போட்டேன். அது தப்பு. மண்ணில் இரும்புச்சத்து இருந்தது, பிஎச் (மண்ணில் அமிலம் குறையக் குறைய ஏறும் எண்) ஏறிப்போனதால் வேரால்தான் அதை எடுக்க முடியவில்லை. நான் தினமும் ஊற்றிய சுண்ணாம்பு கலந்த குழாய்த் தண்ணீர்தான் காரணம்.

ஸ்ட்ராபெரிக்கு பிஎச் 5.5 முதல் 6.5 வரை போதும். ப்ளூபெரி கேட்பது 4.5 முதல் 5.5. எண்ணில் பார்த்தால் ஒன்றுதான் குறைவு, ஆனால் பிஎச்சில் ஒன்று குறைந்தால் அமிலம் பத்து மடங்கு. அமெரிக்காவில் ஃபிரெடரிக் கோவில் (Frederick Coville) என்ற தாவரவியலாளர் இந்த அமில மண் விஷயத்தை விளக்கி எழுதியது 1910-ல்தான். அதற்குப் பிறகுதான் ப்ளூபெரி காட்டிலிருந்து தோட்டத்துக்கு வந்தது. அமில மண் வேண்டும் என்பதால் ப்ளூபெரிக்கு மழைநீர் உத்தமம். கந்தகத்தை நடுவதற்குப் பல மாதங்கள் முன்பே மண்ணில் கலக்க வேண்டும். நுண்ணுயிர்கள் அதை மெதுவாகத்தான் அமிலமாக்கும். உரம் என்றால் அம்மோனியம் சல்பேட், நைட்ரேட் வேண்டாம். வேர் மேலாகவே படரும், வேர்த்தூவியும் கிடையாது. மூடாக்கு இல்லாவிட்டால் ஒரு நாள் வெயிலிலேயே வாடிவிடும்.

ஸ்ட்ராபெரியில் கவனிக்க வேண்டியது நடும் ஆழம். நடுக்குருத்து மண் மட்டத்தில் இருக்க வேண்டும்: புதைத்தால் அழுகும், தூக்கலாக நட்டால் வேர் காயும். அப்புறம் நத்தை, பறவை, ஈரத்தில் வரும் சாம்பல் பூசணம். பழம் மண்ணைத் தொடாமல் வைக்கோல் பரப்பினால் பாதித் தொல்லை தீரும்.

பலன் என்று பார்த்தால், ஸ்ட்ராபெரி நட்ட வருடமே காய்க்கும். மூன்று நான்கு வருடத்தில் ஓய்ந்துவிடும். ஓடுகொடியில் வரும் குட்டிகளைப் பிரித்து நட்டால் செலவில்லாமல் புதுப்பிக்கலாம். ப்ளூபெரி ஒழுங்காகக் காய்க்க இரண்டு மூன்று வருடம், முழு விளைச்சலுக்கு ஆறு வருடத்துக்கு மேல். ஆனால் இருபது வருடம் தாண்டியும் நிற்கும். இரண்டு ரகங்களைச் சேர்த்து வைத்தால் காய்ப்பு கூடும். வாங்கும்போது குளிர்த்தேவையை, அதாவது பூப்பதற்குக் குளிர்காலத்தில் எத்தனை மணி நேரக் குளிர் வேண்டும் என்பதைக் கேளுங்கள். வடக்கு ஹைபுஷ் (உயரப் புதர் ப்ளூபெரி) ரகங்களுக்கு எண்ணூறு மணி நேரம் அல்லது அதற்கும் மேல் குளிர் வேண்டும், மிதமான குளிர்காலத்தில் அவை சரியாகப் பூக்காது. தெற்கு ஹைபுஷ் ரகங்களுக்குக் குறைவாகவே போதும்.

என்னைக் கேட்டால் முதலில் ஸ்ட்ராபெரி, ஒரு தொட்டியில். பறித்த பிறகு அதில் இனிப்பு ஏறாது என்பதால் கடைப்பழத்துக்கும் செடியிலேயே பழுத்ததற்கும் உள்ள வித்தியாசம் வாயில் வைத்ததும் தெரியும். மண்ணின் பிஎச்சைச் சோதித்து, மழைநீருக்கும் ஏற்பாடு இருந்தால் ப்ளூபெரியைத் தனித் தொட்டியில் வையுங்கள். பழம் நீலமானதும் பறித்துவிடாதீர்கள். காம்படியில் இருக்கும் செந்நிறம் மறைய இன்னும் சில நாள் ஆகும். அதன் பிறகு விரல் பட்டாலே கையில் விழும்.