வலைக்கயிறு இழுக்க எந்த லீனியர் மோட்டார்: சோலினாய்டா, வாய்ஸ் காயிலா, டியூபுலரா?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்ல வலைக்கயிறைத் திரும்பத் திரும்ப இழுத்து எங்க நையுதுன்னு பாக்க ஒரு சின்ன சோதனை ரிக் செய்யணும், அதுக்கு சுத்தாம நேர்கோட்டுல இழுக்கிற லீனியர் மோட்டார் வேணும். 10 கிலோ இழுவை, அதாவது 100 நியூட்டன் கிட்ட. எந்த இடத்துல போய் நிக்குதுங்கிறது பெருசில்ல, சொன்ன விசை சொன்னபடி வரணும்.

கரண்ட் கொடுத்தா இரும்புத்தண்டை உள்ள இழுக்கிற காயில்தான் சோலினாய்டு, அது வேணாம். தண்டு உள்ள வந்து கேப் பாதியானா இழுப்பு கிட்டத்தட்ட நாலு மடங்கா எகிறும், கதவு லாக்குக்குத்தான் சரி.

ஸ்பீக்கருக்குள்ள இருக்கிற வாய்ஸ் காயில்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, காந்தப்புலத்தைக் கம்பி நீளத்தால பெருக்கி கரண்டால பெருக்கினா விசை, அவ்ளோதான். 0.6 டெஸ்லா புலத்துக்குள்ள 40 மீட்டர் கம்பி சுத்தினா ஒரு ஆம்பியருக்கு 24 நியூட்டன், 4 ஆம்பியருக்கு 96. 21 கேஜ் (SWG) தாமிரக்கம்பின்னா சுமார் 1.3 ஓம், சூடு 20 வாட் போல வரும். ஆனா விசையை ரெண்டு மடங்காக்கினா சூடு நாலு மடங்கு, 80 வாட்டைத் தாண்டிடும், அசையாம சும்மா இழுத்துப் பிடிச்சு நின்னாலும் இந்தச் சூடு உண்டு, இதைக் கணக்குல எடுக்காமத்தான் காயில் கருகுது. ஸ்ட்ரோக்கும், அதாவது நகருற தூரமும், சில சென்டிமீட்டர்தான், நைலான் கயிறு நீளுற நீளத்துக்குப் பத்தாது.

காந்தத்தட்டு மேல இரும்புல சுத்தின காயில் ஓடுற இரும்புக்கோர் ஃப்ளாட் மோட்டார் அதே சைஸ்ல கூடுதல் விசை தரும், ஆனா காந்தம் இரும்பைப் பக்கவாட்டுல இழுக்கிறது அந்த விசையை விடப் பல மடங்கு, அத்தனையையும் பேரிங் தாங்கணும். நகரும்போது கடகடன்னு தட்டி தட்டிப் போறதால சின்ன விசையைச் சுத்தமா கொடுக்கவும் முடியாது.

நடுவுல காந்தத்தண்டு, சுத்தி காயில்னு இருக்கிற டியூபுலர்ல அந்தப் பக்க இழுப்பு நாலா பக்கமும் சமமாகி அடங்கிடும், ஸ்ட்ரோக் வேணும்னா தண்டை நீட்டிக்கலாம். என் ஓட்டு இதுக்குத்தான். தண்டு ஸ்டெயின்லெஸ் குழாய்க்குள்ள ரெண்டு முனையும் சீல் பண்ணி இருக்கணும், நம்ம உப்புக்காத்துல நிக்கல் பூச்சு லேசா கீறினாலே நியோடிமியம் காந்தம் துருப்பிடிச்சு உதிரும்.

சும்மா பாரத்தைத் தாங்கி நிக்கத்தான்னா சாதா மோட்டாரும் ஸ்க்ரூவும் போதும், கரண்ட் மிச்சம், ஆனா ஸ்க்ரூ உராய்வுல கரண்டைப் பாத்து விசையைச் சொல்ல முடியாது. டியூபுலரை நிமித்தி வச்சா எதிர்எடை கட்டுங்க, 2025ல திறந்த புது பாம்பன் பாலத்துல 72.5 மீட்டர் ஸ்பேனோட பாரத்தை எதிர்எடைதான் சமன் பண்ணுது, மோட்டார் முழுப் பாரத்தையும் தூக்க வேண்டியதில்ல.

காயிலுக்குள்ள சூட்டை அளக்கிற ஒரு தெர்மிஸ்டரைப் புதைச்சு 80 டிகிரிக்கு முன்னாடியே கரண்டைக் கட் பண்ணணும், சாதா கிரேடு நியோடிமியம் அதுக்கு மேல சூடானா காந்தசக்தியில ஒரு பகுதியை இழந்துடலாம், ஆறினாலும் திரும்பாது.