பைக்கில் சைடு பாக்ஸ் மாட்டுகிறவர்களுக்கு: போல்ட் பாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பைக் சாமான் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. நாணயமாக வேலை செய்கிறவர்களும் அங்கே நிறைய இருக்கிறார்கள். என்னிடம் கைவரிசை காட்டிய கடையின் பெயரைப் புகார் நடந்துகொண்டிருப்பதால் இங்கே எழுதவில்லை. அவர்கள் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

என் 350 சிசி வண்டிக்குக் கழற்றி மாட்டும் சைடு பாக்ஸ் இரண்டும், அதைத் தாங்கும் சாடில் ஸ்டேயும் வாங்கினேன். பாக்ஸ், ஸ்டே இரண்டும் நல்ல கம்பெனிச் சரக்கு, அதில் குறையில்லை. ஆனால் ஸ்டே வந்த அட்டைப்பெட்டி முன்பே பிரிக்கப்பட்டிருந்தது. “போல்ட் செட் இதோட வராது சார், தனியா 450. ஃபிட்டிங் 800” என்றார் கடைக்காரர். கொடுத்தேன்.

மாட்டிய பையன் சின்ன வயசு, அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்டேயின் ஓட்டையும் பிரேமின் ஓட்டையும் நேராக வரவில்லை. கடப்பாரை மாதிரி ஒரு கம்பியை விட்டு நெம்பி, போல்ட்டை உள்ளே தள்ளினான். சைலன்சர் பக்கம் ஸ்டே கொஞ்சம் வெளியே தள்ளி நிற்க வேண்டும். அந்த இடைவெளிக்கு வாஷர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். அப்புறம் ஏர் கன்னை வைத்து ‘டர்ர்’ என்று ஒரே முறுக்கு. எவ்வளவு முறுக்க வேண்டுமோ அந்த அளவு வைத்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லையா என்று கேட்டேன். “இதெல்லாம் கைப்பழக்கம் சார்” என்று கல்லாவிலிருந்தே பதில் வந்தது.

ஊருக்குள் ஓட்டியவரை ஒன்றும் தெரியவில்லை. கொல்லிமலைக்குப் போனபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறுவதற்குள் வலது பக்கம் ‘டக் டக்’ என்று தட்டல், கூடவே பிளாஸ்டிக் கருகும் வாடை. நிறுத்திப் பார்த்தால் கீழ் போல்ட்டைக் காணோம், மேல் போல்ட் வளைந்திருக்கிறது. பாக்ஸின் அடி மூலை சைலன்சரில் சாய்ந்து உருகிப்போயிருந்தது. பெட்டியைக் கழற்றிப் பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு இறங்கினேன். நேராக டயருக்கு அடியில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

நாமக்கல் லாரிப் பட்டறைகளுக்குப் பேர்போன ஊர், லேத்துக்குக் குறைவில்லை. ஒரு லேத்காரர் மேல் போல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். “தலையில ஒரு நம்பரும் இல்லீங்க பாருங்க. கிரில் கேட்டுக்குப் போடுறத வண்டிக்குப் போட்டிருக்காங்க.” இந்த மாதிரி இடத்துக்கு உள்ள ஸ்டீல் போல்ட்டின் தலையில் அதன் பலத்தைக் காட்டும் 8.8 என்ற அச்சு இருக்கும். என்னுடையது மொட்டைத் தலை.

வாஷர் அடுக்கியது அதைவிட மோசம் என்றார். போல்ட்டின் வேலை ஸ்டேயையும் பிரேமையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிப்பது. அந்தப் பிடி இறுக்கமாக இருக்கும்வரை பாரம் போல்ட்டின் மேல் நேராக விழாது. ஒரே துண்டாக வெட்டிய குழாய் புஷ் வைத்தால் பிடி நிற்கும். அடுக்கிய வாஷர்களோ அதிர்வில் மெல்ல அமுங்கி உட்கார்ந்துவிடும், பிடி தளரும். அப்புறம் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டே போல்ட்டைப் போட்டு வளைக்கும். அவர் குழாயை அளவாக வெட்டி, 8.8 போல்ட்டும், அதிர்வில் கழலாமல் இருக்க உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டும் போட்டுக் கொடுத்தார். ஊர் வந்து சேரும்வரை அசையவில்லை.

வீட்டுக்கு வந்து கம்பெனியின் ஃபிட்டிங் ஷீட்டைத் தேடி எடுத்தேன். வயிறு எரிந்தது அப்போதுதான். ஸ்டேயோடு கூடவே போல்ட், நட், வலது பக்கத்துக்கு நீளமான புஷ், இடது பக்கத்துக்குக் குட்டை புஷ் எல்லாம் ஒரு பாக்கெட்டில் வர வேண்டும் என்று படம் போட்டே காட்டியிருக்கிறார்கள். எனக்கு வர வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டு, மட்டச் சரக்கை எனக்கே 450 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள்! வண்டியிலிருந்து கழற்றிய ஒரிஜினல் போல்ட்டுகளும் திரும்பி வரவில்லை. நாளை ஸ்டேயைக் கழற்றினால் அந்த ஓட்டைகளுக்கு என்ன போடுவது?

கடையில் போய்க் கேட்டதற்கு “ஓவர்லோடு ஏத்திருப்பீங்க” என்றார்கள். பாக்ஸில் இருந்தது ரெயின்கோட்டும் துணியும். ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் போட்ட எடையில் பாதிகூடத் தேறாது. பில்லைக் காட்டினால், அது ஜிஎஸ்டி நம்பர் இல்லாத எஸ்டிமேட் சீட்டு, செல்லாது என்கிறார்கள். ஜிபேயில் பணம் போனதற்கான பதிவும், மாட்டும்போது நான் எடுத்த போட்டோக்களும் இருந்ததால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். இதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரை உள்ள வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

நீங்கள் மாட்டப் போவதாக இருந்தால் சீல் பிரிக்காத பெட்டியாகக் கேளுங்கள், உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். ஷீட்டில் உள்ளதெல்லாம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு ஸ்பேனரைத் தொட விடுங்கள். பழைய போல்ட்டுகளைக் கையோடு வாங்கிவிடுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டியதும் ஒருமுறை எல்லாவற்றையும் முறுக்கிப் பார்ப்பதும் நல்லது.

கடைக்காரர் இப்போது ஃபிட்டிங் பணம் 800 மட்டும் தருகிறேன் என்று இறங்கி வந்திருக்கிறார். உருகிய பாக்ஸின் விலையும் என் பழைய போல்ட்டுகளும் சேர்ந்து வந்தால்தான் புகாரை வாபஸ் வாங்குவேன் என்று சொல்லியிருக்கிறேன்.