சென்ஹைசர் எச்டி 800 எஸ்: ஒரு லட்ச ரூபாய்க்கு என்ன கேட்கிறது?

ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட எச்டி 800 எஸ் ஹெட்போனின் விலை அப்போது 1,699 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். நண்பர் ஒருவரிடம் மூன்று வாரம் இரவல் வாங்கி, என்னிடம் ஒன்பது ஆண்டுகளாக இருக்கும் அதே நிறுவனத்தின் எச்டி 600-உடன் மாற்றி மாற்றிக் கேட்ட பிறகு இதை எழுதுகிறேன்.

வேறுபாடு இருக்கிறது, அது பிரமை இல்லை. ஒலி எழுப்பும் பகுதியான 56 மில்லிமீட்டர் டிரைவர் காதை ஒட்டாமல் சற்று முன்னால் சாய்வாக அமைந்திருப்பதால், பாடகர் நம் மண்டைக்குள் இல்லாமல் எதிரே அமர்ந்து பாடுவது போலிருக்கிறது. தம்புராவில் தந்திக்கடியில் வைக்கும் ஜீவா நூலை உரிய இடத்தில் நிறுத்தியதும் எழும் ரீங்காரம் தனி இழையாகப் பிரிந்து வருகிறது. மிருதங்கத்தின் கனத்த நாதம் தரும் பக்கமான தொப்பியில் மட்டும் கனம் போதவில்லை. அதில் எழும் கும்கி என்ற ஆழ்ந்த நாதம் காதில் விழுகிறதே தவிர நெஞ்சைத் தொடுவதில்லை. 300 ஓம் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) என்பதால் நல்ல ஆம்ப்ளிஃபயரும் தேவை, அதாவது செலவு ஹெட்போனோடு நிற்காது.

நிற்கவிடாத இடத்தைக் கடையில்தான் பார்த்தேன். ஆம்ப்ளிஃபயர் விசாரிக்கப் போன என்னிடம், நாற்பதாயிரம் ரூபாய் கேபிளை மாட்டிக் காட்டிய விற்பனையாளர், மாட்டும்போதே வால்யூமையும் ஒரு நூல் ஏற்றினார். சத்தம் கொஞ்சம் கூடினாலே தரம் கூடியதாகக் காது நம்பிவிடும். வால்யூமைத் தொடாமல், எனக்குத் தெரியாதபடி பத்து முறை மாற்றச் சொன்னேன். ஆறு முறை சரியாகச் சொன்னேன், பூவா தலையா போட்டிருந்தாலும் ஏறத்தாழ அதுதான் வந்திருக்கும். சிடியைவிட உயர்தரப் பதிவுகளை இசைக்கும் ஹை-ரெஸ் பிளேயர் பற்றிய பேச்சும் இதே ரகம்: 2007-இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் மேயரும் மோரனும் வெளியிட்ட சோதனையில், உயர்தரத் தட்டின் ஒலியை இடையில் சிடி தரத்துக்கு இறக்கியபோது, வழக்கமான ஒலியளவில் கேட்டவர்களால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஏழை நாட்டில் இவ்வளவு செலவு தகுமா என்று கேட்பவர்கள், கல்யாண மண்டபத்தின் இரண்டு நாள் வாடகையைப் பற்றி அப்படிக் கேட்பதில்லை. ஆகவே அந்தக் கேள்வி என்னை உறுத்தவில்லை. உறுத்துவது வேறு. நான் இவ்வளவு துல்லியமாகக் கேட்கும் அந்தத் தம்புராக்காரருக்கு இந்த லட்சத்தில் ஒரு பைசாகூடப் போவதில்லை. மார்கழியில் பல சபாக்களில் மதியக் கச்சேரிக்கு அனுமதி இலவசம். இளம் வித்வான்கள் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பாடும் அந்த நேரத்தில், ஹெட்போன் போன்ற கருவி வாங்கவே காசு சேர்க்கும் ரசிகர் வீட்டில் காதை மூடிக்கொண்டு பதிவு கேட்கிறார். சென்ற ஆண்டு நானும் அப்படித்தான் இருந்தேன்.

எதிரே அமர்ந்து பாடும் அந்த உணர்வுக்காக மட்டும், வசதி உள்ளவர்கள் எச்டி 800 எஸ் வாங்கலாம். கேபிளுக்கு ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். நான் நண்பரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, எச்டி 600-க்குப் புதிய காது மெத்தை வாங்கிப் போட்டேன். 1997-இல் வந்த மாடலுக்கு அது இன்னும் கிடைக்கிறது.