மாடித்தோட்டக் குரோ பேக்: ஒரு பருவம் முடிந்த பிறகு

வருகிற ஆடிப்பட்டத்துக்கு எந்தக் குரோ பேக் (செடி வளர்க்கும் பிளாஸ்டிக் பை) வாங்கலாம் என்று கீழ்வீட்டு அக்கா கேட்டார். பெரம்பூரில் எங்கள் மொட்டை மாடியில் சென்ற ஆடியில் தொடங்கிய முதல் தோட்டத்தை வைத்துத்தான் அவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

விளைச்சலில் ஒரு குறையும் இல்லை. செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் கலந்து நிரப்பியதால் பை தளத்துக்குப் பாரமாகவில்லை. வெளிப்புறம் வெள்ளையாக இருந்ததால் ஆவணி வெயிலிலும் வேர் வெந்துபோகவில்லை. ஐப்பசி அடைமழையில் துளைகள் வழியே நீர் நன்றாக வடிந்து, கத்தரிச் செடி ஒன்றுகூட அழுகவில்லை. வெண்டைதான் மனத்தை நிறைத்தது. விதைத்து ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கி, முற்றி நார் பாய்வதற்குள் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டிய அளவுக்குக் காய்த்தது. நுனியை ஒடித்தால் சட்டென்று முறிகிற காயைக் கடையில் கூடையைக் கிளறித் தேட வேண்டும். மாடியில் பறித்தவை எல்லாமே அப்படி முறிந்தன.

ஆனால் தை மாதம் மண்ணைக் கொட்டிக் காயவைப்பதற்காகப் பையின் காதைப் பிடித்துத் தூக்கியபோது, காது கையோடு வந்துவிட்டது. மாலை வெயில் படும் மேற்குப் பக்கம், விரல் பட்டாலே பழைய சுண்ணாம்புச் சுவரைப் போலப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கைச் சிதைக்கும் என்பதால்தான் அதைத் தாங்கும் பொருளைத் தயாரிப்பிலேயே சேர்க்கிறார்கள். ஐந்து வருடம் உழைக்கும் என்று சொல்லி விற்ற பையில் அது போதிய அளவு சேர்க்கப்பட்டிருந்தால், ஆறு மாத வெயிலுக்கே இந்தக் கதி ஆகியிருக்காது. பணம் போனதுகூடப் பெரிதில்லை. இரசாயன மருந்து படாத காய் வேண்டும் என்று வேப்பெண்ணெய்க் கரைசல் மட்டுமே தெளித்துப் பேணிய மண்ணில் இப்போது வெள்ளைச் செதில்கள் கலந்து கிடக்கின்றன. சல்லடையில் சலித்தாலும் கடுகளவுத் துணுக்குகள் உரத்தோடு சேர்ந்து கீழே இறங்கிவிடுகின்றன. அந்த மண்ணில் கீரை விதைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, இவ்வளவு காய் கொடுத்த பையை வாங்கவே வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். மண்தொட்டி கனக்கும், சீக்கிரம் காய்ந்துபோகும், கோடையில் இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்ற வேண்டும். சுவரோரமாக மட்டுமே வைக்க முடியும் என்பதால் செடிகளும் பாதியாகக் குறையும். குறையட்டும், இந்த ஆடியில் நான் மண்தொட்டியில்தான் விதைக்கப் போகிறேன்.