மலையேறும் பஸ்ஸுக்கு எஞ்சின் தீயணைப்பு கிட்: முதலில் காப்பர் வாஷர், பிறகு சிலிண்டர்

மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்கு 50 கிலோமீட்டர் சொச்சம். கல்லாறு தாண்டியதும் ஏற்றம் பிடிக்கிறது. குன்னூர் சேரும் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். ஆள் நிறைந்த டூரிஸ்ட் பஸ் இந்தத் தூரத்தைப் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கியரில்தான் ஏறுகிறது. எஞ்சின் முழுப் பாரம் இழுக்கிறது, வண்டியோ மெதுவாக நகர்கிறது. முன்னாலிருந்து காற்று வந்து மோதாது. ஃபேன் இழுக்கிற காற்றுதான் எல்லாம். டர்போவின் (புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குக் காற்றைத் திணிக்கும் பாகம்) எக்ஸாஸ்ட் பக்கம் 500 டிகிரியைத் தாண்டுவது இந்த மாதிரி ஏற்றத்தில்தான். டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும் வெப்பம் சுமார் 210 முதல் 250 டிகிரி. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது ஒரு ரப்பர் ஹோஸும் அதன் கிளிப்பும்.

அந்த எஞ்சின் அறைக்கென்று விற்கப்படுவதுதான் தானியங்கித் தீயணைப்பு கிட். வெப்பம் உணரும் குழாய், தீயணைக்கும் மருந்தை அடைத்து அழுத்தம் ஏற்றிய சிலிண்டர், அந்த மருந்தைத் தெளிக்கும் நாசில்கள், டிரைவருக்கு எச்சரிக்கை விளக்கும் பஸ்ஸரும். நீலகிரிக்கோ, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கோ தினமும் ஏறி இறங்கும் வண்டிக்கு இது வாங்கத் தகுந்த பொருள். பர்லியார் பக்கம் ஒரு வண்டி பற்றினால், மேட்டுப்பாளையத்தில் இருந்தோ குன்னூரில் இருந்தோ தீயணைப்பு வண்டி வளைவு வளைவாக வந்து சேர வேண்டும். முன் எஞ்சின் பஸ்ஸில் தீ எழுவது டிரைவரின் முழங்காலுக்குப் பக்கத்தில், இறங்கும் வழியும் பல வண்டிகளில் அதே முன்பக்கம்தான். அந்த முதல் சில நிமிடங்களை இந்த கிட் வாங்கித் தருகிறது. ஆனால் டீசல் ஒழுகுகிற எஞ்சின் மேல் இதை மாட்டினால் பணமும் போச்சு, பாதுகாப்பும் இல்லை.

முதலில் கிட்டின் வகை. மலிவான வகையில் குழாயே எல்லா வேலையும் செய்யும்: தீ பட்ட இடத்தில் குழாய் வெடித்து, அந்த ஓட்டை வழியாகவே மருந்து வெளியே வரும். மின்பெட்டி மாதிரிச் சின்ன மூடிய இடத்துக்கு இது போதும். பஸ் எஞ்சின் அறை கீழே திறந்து கிடக்கிறது, ஃபேன் வேறு ஓடுகிறது. ஒற்றை ஓட்டையில் வரும் மருந்து எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டாவது வகையில் குழாய் உணர்வதற்கு மட்டும். அது வெடித்ததும் அதிலுள்ள நைட்ரஜன் அழுத்தம் விழும்; விழுந்ததும் சிலிண்டர் வால்வு திறக்கும்; மருந்து தனி உலோகக் குழாய் வழியாக நாசில்களுக்குப் போகும். பஸ்ஸுக்கு இதுதான் சரி. கரண்ட் இல்லாவிட்டாலும் வேலை செய்வது இதன் பெரிய பலம். பேருந்து எஞ்சின் அறைத் தீயணைப்புக்கு நம் நாட்டில் ஏ.ஐ.எஸ். 135 என்ற தரநிலை இருக்கிறது. அதன்படி சோதித்த சான்றிதழை விற்பவரிடம் கேளுங்கள். சான்றிதழில் உள்ள மாடல் எண்ணும் சிலிண்டர் மேல் ஒட்டிய எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

மருந்தில்தான் மலைக்கும் சமவெளிக்கும் வித்தியாசம் வருகிறது. உலர் பவுடர் தீயை நொடியில் படுக்க வைக்கும், ஆனால் டர்போவைக் குளிர வைக்காது. ஒழுகல் தொடர்ந்தால் சூட்டில் மறுபடி பற்றும். இன்னொரு குறை, மலைப்பாதை அதிர்வில் பவுடர் சிலிண்டர் அடியில் இறுகிக் கட்டியாகிவிடும். அழுத்தம் காட்டும் மானோமீட்டரில் முள் பச்சையில் நிற்கும், திறந்தால் வாயு மட்டும் சீறிவிட்டுப் போகும். வாயு வகை மருந்து வயரிங்குக்கு நல்லது, அழுக்கே விடாது. ஆனால் திறந்த எஞ்சின் அறையில் ஃபேன் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். நுரை கலந்த நீர்த்துளி வகைதான் சூட்டையும் இறக்கி, டீசல் மேல் படலமும் போடுகிறது. ஏற்றத்தில் வெந்து கிடக்கும் எஞ்சினுக்கு நம் தேர்வு இதுவே.

ஒரே நிபந்தனை, உறைநிலை. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, அவலாஞ்சி பக்கம் புல் வெள்ளையாகிறது. இரவில் ஊட்டி ஸ்டாண்டில் நிற்கும் வண்டிக்கும் அந்தக் குளிர் உண்டு. சாதா தண்ணீர்க் கலவை உறைந்தால் வால்வும் குழாயும் விரிசல் விடும். பூஜ்யத்துக்குக் கீழே எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று லேபிளில் எண்ணாகவே எழுதியிருக்க வேண்டும். சமவெளியில் ரீஃபில் செய்பவர் வெறும் தண்ணீர் ஊற்றி அழுத்தம் ஏற்றித் தந்துவிட்டால், நல்ல கிட்டும் டிசம்பரில் கெடும்.

மானோமீட்டரைப் படிக்கவும் மலைக்கணக்கு வேண்டும். மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரி வெயிலில் 15 பார் காட்டிய சிலிண்டர், பூஜ்ய டிகிரி விடியற்காலையில் ஊட்டியில் சுமார் 13.4 பார்தான் காட்டும். கசிவு எதுவும் இல்லை. வாயு குளிர்ந்தால் அழுத்தம் குறையும், அவ்வளவே. இதைப் பார்த்து அவசரப்பட்டு நைட்ரஜன் ஏற்றினால் கீழே இறங்கும்போது அளவுக்கு மேல் போகும். கசிவா குளிரா என்று பிரிக்க ஒரே வழி: ஒரே இடம், ஒரே நேரம், ட்ரிப் ஷீட்டிலேயே வாரம் ஒருமுறை எண்ணைக் குறிப்பது. நான்கு வாரத்தில் படிப்படியாக இறங்கினால் கசிவு.

இந்த கிட்களில் பெரும்பாலானவை கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: மருந்து அடிக்கும், டீசலை நிறுத்தாது. பயணிகள் விமானத்தில் எஞ்சின் தீ எச்சரிக்கை வந்ததும் பைலட் இழுக்கும் கைப்பிடி, மருந்து பாட்டிலைத் தயார் நிலைக்குக் கொண்டுவருவதோடு எரிபொருள் வால்வை மூடுகிறது, ஹைட்ராலிக் எண்ணெயை அடைக்கிறது, ஜெனரேட்டரைத் துண்டிக்கிறது. பிறகுதான் பாட்டில் திறக்கப்படும். எரிபொருள் வந்துகொண்டே இருந்தால் எந்த மருந்தும் தோற்கும் என்பதால் இந்த வரிசை. பஸ்ஸிலும் அப்படியே கேளுங்கள். அழுத்தம் விழுந்ததைச் சொல்லும் பிரஷர் சுவிட்சில் இருந்து ஒரு ரிலே வழியாக எரிபொருள் கட் ஆஃப் கொடுக்கலாம். ஆனால் கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் திடீரென்று நின்றால் பவர் ஸ்டீயரிங் உதவி போய்விடும். அதனால் உடனே நிறுத்தாமல் முதலில் பஸ்ஸர், சில நொடி கழித்து கட் ஆஃப் என்று வைப்பது மலைக்குப் பொருத்தம். எத்தனை நொடி என்பதைக் கிட் தயாரிப்பாளரும் வண்டித் தயாரிப்பாளரும் எழுத்தில் தர வேண்டும். பட்டறையில் ஊகித்து வைக்கிற விஷயம் இல்லை. மின் கட் ஆஃப் இல்லாத வண்டியில் டிரைவரே செய்ய வேண்டிய வரிசையை டேஷ்போர்டில் ஒட்டுங்கள்: ஓரம் கட்டு, ஹேண்ட் பிரேக், எஞ்சின் நிறுத்து, பேட்டரி ஐசொலேட்டர் (பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச்), ஆட்களை இறக்கு. பானெட்டைத் திறக்காதே. திறந்தால் மருந்து வெளியேறும், காற்று உள்ளே போகும்.

இனி ஒழுகல். 2007 ஆகஸ்ட் 20 அன்று ஜப்பானின் நாஹா விமான நிலையத்தில் தரையிறங்கி நின்ற சைனா ஏர்லைன்ஸ் போயிங் 737-800 தீப்பிடித்து எரிந்தது. இறக்கையின் முன்விளிம்பில் இருந்த ஒரு போல்ட் கழன்று எரிபொருள் டேங்கைக் குத்தி ஓட்டை போட்டிருந்தது; வழிந்த எரிபொருள் சூடான எஞ்சின் பக்கம் பற்றிக்கொண்டது. போல்ட் கழன்றதற்குக் காரணம், பராமரிப்பின்போது விடுபட்ட ஒரு வாஷர். விமானத்தில் இருந்த 165 பேரும் தப்பினார்கள். சில நாட்களில் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் அந்த ரக விமானங்களுக்கெல்லாம் கட்டாயப் பரிசோதனை உத்தரவு போட்டது. அந்த உத்தரவு பெரிய தீயணைப்பு பாட்டில் மாட்டச் சொல்லவில்லை. போல்ட்டைப் பார், நட்டை இறுக்கு என்றது.

நம் எஞ்சினில் அந்த வாஷருக்குச் சமமானது, டீசல் குழாயை இணைக்கும் துளையுள்ள பேன்ஜோ போல்ட்டின் காப்பர் வாஷர். ஃபில்டர், ஃபீட் பம்ப், ரிட்டர்ன் லைன் எதைக் கழற்றினாலும் போல்ட்டுக்கு இரண்டு வாஷர் புதிதாகப் போட வேண்டும். பழைய வாஷர் ஒருமுறை நசுங்கிக் கடினப்பட்டது; மறுபடி இறுக்கினால் அப்போதைக்கு நிற்கும், நாலு ட்ரிப் சூடேறிக் குளிர்ந்ததும் ஈரம் காட்டும். அடுத்தது இன்ஜெக்டர் மேலே ஓடி, மிஞ்சும் டீசலைத் திருப்பிக் கொண்டுபோகும் லீக் ஆஃப் ஹோஸ். விரலால் வளைத்துப் பாருங்கள், மேல்தோலில் வெடிப்பு தெரிந்தால் அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றாமல் முழு செட்டையும் மாற்றுங்கள்; எல்லாத் துண்டும் ஒரே வயது, ஒரே சூடு. காமன் ரெயில் எஞ்சினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயில் இருந்து உயர் அழுத்த டீசல் போகும் வகை) பிரஷர் பைப் நட்டு ஈரமாக இருந்தால் எஞ்சின் ஓடும்போது கை வைத்துத் தேடவே கூடாது. 1600 பாருக்கு மேல் வரும் டீசல் கண்ணுக்குத் தெரியாத ஊசியாகத் தோலுக்குள் இறங்கும். அட்டைத் துண்டை நீட்டித்தான் பார்க்க வேண்டும். பல எஞ்சின்களில் இந்த பைப்பைக் கழற்றினால் புதியதுதான் போட வேண்டும் என்று மேனுவலே சொல்கிறது.

டர்போ ஹீட் ஷீல்டு போல்ட் துருப்பிடித்து உடைந்ததும், ஷீல்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவது பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. அது தகரத்துண்டு இல்லை. மேலிருந்து சொட்டும் டீசலுக்கும் 500 டிகிரிக்கும் நடுவே உள்ள சுவர். திரும்பப் போடாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

வயரிங்கில் பார்க்க வேண்டியது பேட்டரியில் இருந்து ஸ்டார்டர் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிள். பல வண்டிகளில் இதற்கு ஃப்யூஸ் கிடையாது. சேஸிஸில் உரசி ரப்பர் தேய்ந்தால் வெல்டிங் மாதிரி எரியும். ரப்பர் வைத்த பி-கிளாம்ப் கேபிளைச் சேஸிஸில் இருந்து தள்ளிப் பிடித்திருக்க வேண்டும். கேபிள் டை அந்த வேலையைச் செய்யாது, எண்ணெயும் சூடும் பட்டு இற்றுப்போகும். மியூசிக் சிஸ்டத்துக்கும் கலர் விளக்குக்கும் பேட்டரியில் இருந்து நேராக இழுத்த வயர் இருந்தால், பேட்டரி முனையில் இருந்து ஒரு சாணுக்குள் ஃப்யூஸ் வேண்டும். குளிருக்கு எஞ்சின் சூட்டைத் தேடி எலி வந்து கூடு கட்டுவதும் மலையில் சகஜம். வயரைக் கடிப்பதோடு காய்ந்த புல்லையும் துணியையும், சூடான புகை வெளியேறும் மேனிஃபோல்டு ஓரம் சேர்த்து வைக்கும். நிறுத்தி வைத்த வண்டியை எடுக்கும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள்.

இவை முடிந்த பிறகு கிட் மாட்டும் வேலை. உணர்குழாய் எஞ்சினுக்கு மேலே, டர்போ, டீசல் ஃபில்டர், ஆல்டர்னேட்டர் மூன்றையும் கடந்து ஓட வேண்டும். சூடு மேலேதான் ஏறும். பாதி வண்டிகளில் கைக்கு எட்டும் பக்கவாட்டிலேயே கட்டிவிட்டுப் போகிறார்கள். மேனிஃபோல்டுக்கு மிக நெருக்கமாக ஓடினாலும் தப்பு: தீயே இல்லாமல் ஏற்றத்துச் சூட்டிலேயே வெடித்து மருந்தைக் கொட்டிவிடும். குழாய் எந்த வெப்பத்தில் வெடிக்கும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். அந்த எண்ணைக் கேட்டு, உங்கள் எஞ்சின் அறையின் சாதாரணச் சூட்டைக் கல்லாறு முதல் குன்னூர் வரை ஒரு ட்ரிப் அளந்துவிட்டு இடத்தை முடிவு செய்யச் சொல்லுங்கள். தகரத்தைத் துளைத்துப் போகும் இடமெல்லாம் ரப்பர் குரோமெட். நாசிலுக்கு மூடி, இல்லாவிட்டால் மழைக்காலச் சேறு அடைக்கும். சிலிண்டரைத் தயாரிப்பாளர் நிற்க வைக்கச் சொன்னால் நிற்கத்தான் வேண்டும். படுக்க வைத்தால் உள்குழாய் மருந்துக்கு மேலே நின்று வாயுவை மட்டும் தள்ளும்.

மிக மோசமான பிழை வேறு. சிலிண்டருக்கும் உணர்குழாய்க்கும் நடுவே சர்வீஸுக்காக ஒரு பால் வால்வு இருக்கும். வேலை முடிந்து அதைத் திறக்க மறந்தால், குழாய் வெடித்தாலும் சிலிண்டருக்குச் செய்தி போகாது. மானோமீட்டர் பச்சை, விளக்கு அணைந்திருக்கும், எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) சோதனையிலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். கைப்பிடி திறந்த நிலையில் சீல் கம்பி கட்டச் சொல்லுங்கள். கம்பி அறுந்திருந்தால் யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்த கிட் சக்கரத்தைப் பார்க்காது. கோத்தகிரி வழியாக இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே வந்தால் டிரம் சிவந்து டயர் பற்றும், அதற்கு மருந்து இந்தச் சிலிண்டரில் இல்லை. ஏறிய கியரிலேயே இறங்குவதும் எக்ஸாஸ்ட் பிரேக்கும்தான் அதற்கு வழி. கையால் எடுக்கும் தனித் தீயணைப்பானும் வண்டியில் இருந்தே ஆக வேண்டும்.

விலை கேட்கும்போது ரீஃபில், புதுக் குழாய், மாட்டுகூலி மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஒருமுறை வெடித்தால் இந்த மூன்றும் திரும்ப வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊட்டியிலோ மேட்டுப்பாளையத்திலோ வந்து பார்க்க ஆள் இல்லாத நிறுவனத்தின் கிட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மலை வண்டிக்கு வேண்டாம்.

பவுடர் கிட் வெடித்த வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஏர் ஃபில்டரை மாற்றாமல் ஓட்டினால் பவுடர் டர்போவுக்குள் போகும். முதலில் காற்றடித்து உலர்ந்தபடியே பவுடரை எடுங்கள், கனெக்டர்களைத் தனித்தனியாகக் கழற்றித் துடையுங்கள், பிறகுதான் தண்ணீர். ஊட்டி மூடுபனி ஈரத்தில் அந்தப் பவுடர் அலுமினியத்தையும் செம்பையும் அரிக்கும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வயரிங் முழுசும் மாற்ற வேண்டி வரும்.