ஆலமரம் வரையப் பென்சிலா, கரித்துண்டா?

மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸின் கம்பெனித் தோட்டத்து ஆலமரங்களை மூன்று ஆண்டுகளாக வரைந்து வருகிறேன். தொடக்கத்தில் கரித்துண்டும் பென்சிலுமாக மாறி மாறி வரைந்தேன், இப்போது என் பையில் பென்சில் மட்டுமே இருக்கிறது.

வேகத்தில் கரித்துண்டுக்கு நிகரில்லை. படுக்கவைத்து ஒரு முறை இழுத்தால் கிளைகளுக்கடியில் தேங்கிய நிழல் முழுதும் தாளில் இறங்கிவிடும். அந்த மங்கிய கருமை பென்சிலுக்கு வராது. அழுத்த அழுத்த, பென்சிலின் உள்ளிருக்கும் கிராஃபைட் மினுங்கத் தொடங்கிவிடும். விலையை வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை.

என்னைப் பென்சில் பக்கம் திருப்பியது, வரைந்ததைக் காப்பாற்றும் பாடு. இரண்டும் கரிமமே என்றாலும், கரித்தூள் தாளின் மேல் ஒட்டாமல் உட்கார்ந்திருக்கிறது. கிராஃபைட்டோ மெல்லிய அடுக்குகளாக உரிந்து தாளின் இழைகளுக்குள் படிந்துகொள்கிறது. ஆகவே கரி உதிராமலிருக்கக் கரிப்படத்தின் மேல் பிசின் கரைசல் தெளித்தாக வேண்டும். நான் வசிக்கும் கியூர்பிப்பில் ஓயாத தூறலில் வெளியே தெளிக்க வழியில்லை. சன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே தெளித்தால் நெடி தாங்காது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு ஒரே உறையில் அடுக்கிவைத்த ஒன்பது கரிப்படங்கள், எடுத்துப் பார்த்தபோது, ஒன்றன் கரியை மற்றொன்றின் முதுகில் பூசியிருந்தன. அதே உறையிலிருந்த பென்சில் படங்களிலோ விழுதுகளை எண்ணிவிடலாம். 6 பி என்னும் மிக மென்மையான பென்சில் கொண்டு நிரப்பிய இடங்கள் மட்டும் சற்றே கலைந்திருந்தன. பூஞ்சணம் தாளைத்தான் பிடிக்கிறது, அதில் இரண்டுக்கும் வேறுபாடில்லை.

பென்சிலில் கடினமும் மென்மையும் இப்படி வேண்டியபடி கிடைப்பதற்கு ஒரு போர் காரணம். இங்கிலாந்தின் பாரோடேல் பள்ளத்தாக்கில் 16-ஆம் நூற்றாண்டில் கண்டெடுத்த தூய கிராஃபைட்டை அப்படியே அறுத்துக் கோலாக்கி வந்தார்கள். போரால் அது பிரான்சுக்கு வராமற்போகவே, நிக்கோலா ழாக் கோன்தே என்பவர் கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுடும் முறைக்கு 1795-இல் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் கடினம், குறைந்தால் கருமை. (நம் தீவும் அப்போது பிரெஞ்சுக்காரர் கையில்தான் இருந்தது.) வேதியியலாளர் ஷீலே 1779-இல் கிராஃபைட்டைக் கரிமம் என்று காட்டிவிட்ட பின்னும், பிரெஞ்சில் அதற்கு 'மின் தெ ப்ளோம்' என்று ஈயத்தின் ('ப்ளோம்') பெயரே நிலைத்துவிட்டது. கரித்துண்டின் பெயரான 'ஃப்யூசேன்', அதற்காக எரித்த செடியின் பெயர், அதிலாவது பிழையில்லை.

கண்ணாடிச் சட்டத்துக்குள் உடனே போட்டுவிடுபவருக்குக் கரித்துண்டு இத்தனை தொல்லை தராமலிருக்கலாம். நான் அப்படிச் சட்டமிட்டது ஒன்றே ஒன்று, அது சுவரில் ஏறி ஆறு மாதந்தான் ஆகிறது. படங்களை உறையில் அடுக்கிவைப்பவர் என்னைப்போல் விழுதுகளுக்குக் கடினமான 2 எச், அடிமரத்துக்குச் சற்று மென்மையான 2 பி என்று தொடங்கி, 6 பியைக் கடைசியில் மட்டும் தொடலாம்.